பிரவுசரில் மண்டும் ஆகாயத்தாமரை

வணக்கம் நேயர்களே. மன்னார்குடிப் பக்கம் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் சின்னக் கடை வைத்திருக்கிறேன். ஐப்பசி பிறந்துவிட்டால் கடையில் கூட்டம்தான். சம்பாவுக்குக் காப்பீடு செய்கிற நேரம். சிட்டா, அடங்கல், வங்கிப் புத்தகம் என்று எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து ஏற்ற வேண்டும். அந்த நேரம் பார்த்துத்தான் பிரவுசர் அப்படியே நின்றுவிடும்.

"நெட் ஸ்லோ தம்பி." வருகிறவர்கள் எல்லோரும் சொல்வது இதைத்தான். போன வருஷம் ஜெராக்ஸ் கடை நடத்தும் அக்கா ஒருவர் லேப்டாப்பைத் துணிப்பையில் போட்டு எடுத்து வந்தார். அதற்கு முன்பே அதிக வேக நெட் பிளானுக்கு மாறியும் பார்த்திருக்கிறார். பில் கூடியது, வேகம் கூடவில்லை.

மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணையைத் தாண்டிய பிறகும் கடைமடைக்கு வரவில்லையென்றால் நாம் என்ன செய்வோம்? வாய்க்கால் கரையோடு நடந்துபோய்ப் பார்ப்போம். எங்காவது ஆகாயத்தாமரை மண்டிக் கிடக்கும்.

பிரவுசரிலும் அப்படி நடந்து பார்க்கலாம். விண்டோஸ் கம்ப்யூட்டரில் குரோமைத் திறந்து, ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே எஸ்கேப் விசையைத் தட்டுங்கள். டாஸ்க் மேனேஜர் வரும். ஒவ்வொரு டேபும், பிரவுசரோடு நாம் ஒட்டவைக்கிற குட்டி நிரலான ஒவ்வொரு எக்ஸ்டென்ஷனும் எவ்வளவு மெமரி, எவ்வளவு சிபியு எடுக்கின்றன என்று அதில் தெரியும். அக்காவின் லேப்டாப்பில் ஒரு பக்கம்கூடத் திறக்காதபோதே, பிடிஎஃப் சுருக்கும் எக்ஸ்டென்ஷன் ஒன்று பட்டியலின் உச்சியில் உட்கார்ந்திருந்தது.

"அது நான் போட்டதுதான் தம்பி. ஃபைல் பெரிசா இருக்குன்னு சைட்டு ஏத்துக்கல" என்றார். உண்மையிலேயே அது பிடிஎஃப்பைச் சுருக்கவும் செய்தது. அங்கேதான் ஏமாறுகிறோம். சொன்ன வேலையைச் செய்துகொண்டே பின்னால் விளம்பரங்களைத் திறக்கும், தேடலை வேறு தளத்துக்குத் திருப்பும்.

நீக்கிவிட்டு ரீஸ்டார்ட் செய்தேன். பார்த்தால், மறுபடியும் அதே இடத்தில்! தழையை மட்டும் அறுத்துவிட்டு வந்த கதை. குரோம் மெனுவின் அடியில், உங்கள் நிறுவனம் இதை நிர்வகிக்கிறது என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வரி இருந்தது. ஜெராக்ஸ் கடைக்கு ஏது நிறுவனம்? சில ஆன்டிவைரஸ்களாலும் அந்த வரி வரும், அதனால் பார்த்தவுடன் பதற வேண்டாம். ஆனால் காரணம் தெரியாமல் இருந்தால், வேறு ஏதோ ஒரு நிரல் பிரவுசரைக் கட்டுப்படுத்துகிறதா என்று தேடத்தான் வேண்டும்.

செட்டிங்ஸில் நிறுவிய நிரல்களைத் தேதி வாரியாக அடுக்கினேன். எக்ஸ்டென்ஷன் வந்த அதே நாளில் பெயரே புரியாத ஒரு நிரலும் வந்திருந்தது. வேர் அதுதான். அதை நீக்கி, விண்டோஸோடு வரும் மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டரில் ஆஃப்லைன் ஸ்கேன் ஓட்டினேன். விண்டோஸ் முழுதாக எழும்புவதற்கு முன்பே சோதிப்பதால், ஒளிந்திருப்பது தப்பிப்பது கடினம். சுமார் 15 நிமிஷம் ஆகும். கடைசியாக குரோமின் செட்டிங்ஸைப் பழையபடி திருப்பும் ரீசெட்டையும் செய்தேன். புக்மார்க்கும் சேமித்த பாஸ்வேர்டும் அதில் அழியாது. அந்த வரியும் போய்விட்டது.

இன்னொன்று. திரையின் மூலையில் "வைரஸ் வந்துவிட்டது" என்று அடிக்கடி பெட்டி எழும்புகிறதா? பெரும்பாலும் எப்போதோ ஏதோ ஒரு தளத்தில் 'அலோ' தட்டியிருப்பீர்கள். நோட்டிஃபிகேஷன் அனுமதியில் போய் அந்தத் தளத்தை எடுத்துவிட்டால் போதும். அந்தப் பெட்டி காட்டும் கிளீனரை மட்டும் இறக்கவே இறக்காதீர்கள்.

எல்லாத் தாமதமும் வைரஸ் என்றும் சொல்லமாட்டேன். 4 ஜிபி ராமில் 40 டேப் திறந்து வைத்தால் எந்த பிரவுசரும் திணறும். அதேபோல, எடுத்த எடுப்பில் எல்லாவற்றையும் அழித்து ஃபார்மட் போடச் சொல்கிறவரிடம் கொஞ்சம் யோசித்துக் கொடுங்கள். பேத்தியின் காதுகுத்துப் படமெல்லாம் அதில்தான் இருக்கும்.

சுத்தம் செய்தபின் வங்கி, மின்னஞ்சல் பாஸ்வேர்டுகளை மாற்றிவிடுங்கள். அதற்குள்ளேயே பணம் போயிருந்தால் என்னிடம் வர வேண்டாம், உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் போன் செய்யுங்கள்.

அக்கா மறுமாதமே பழைய நெட் பிளானுக்குத் திரும்பிவிட்டார். பிடிஎஃப் சுருக்க இப்போது என் கடைக்குத்தான் அனுப்புகிறார், காசு மட்டும் தருவதில்லை.

நன்றி, வணக்கம்.