கைக்காசா? கைவண்ணமா?

நடுவர் அவர்களுக்கும், இந்தப் பொங்கல் விழாவுக்குக் குடும்பத்தோடு வந்திருக்கும் சேலம் அம்மாபேட்டைப் பெரியவர்களுக்கும் தாய்மார்களுக்கும் வணக்கம்.

‘ஒற்றை அறை வீட்டுக்கு அழகு சேர்ப்பது கைக்காசா, கைவண்ணமா?’ கைவண்ணமே என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய எதிரணி அண்ணன் மூன்று விஷயங்களை வைத்தார். சின்ன அறையில் இடம் கிடையாது, மடக்குக் கட்டில், சுவரோடு சேர்ந்த அலமாரி என்று காசை இறக்கினால்தான் புழங்க முடியும் என்றார். மலிவாக வாங்கினால் மலிவாகத்தான் தெரியும் என்றார். வாடகை வீட்டில் ஆணி அடிக்கக்கூட வீட்டுக்காரர் விடமாட்டார், கைவண்ணத்தை எங்கே காட்டுவது என்றார்.

கடைசியில் சொன்னதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். வீட்டுக்காரர் ஆணி அடிக்க விடமாட்டார், உண்மைதான். ஆணிக்கே விடாதவர் சுவரைத் துளைத்து அலமாரி மாட்ட விடுவாரா அண்ணே? விட்டாலும், நம் ஊரில் வாடகை ஒப்பந்தம் பெரும்பாலும் 11 மாதத்துக்குத்தான். 11 மாத வீட்டின் சுவருக்கு லட்ச ரூபாயில் மரவேலை செய்தால், காலி பண்ணும் நாளில் அது யாருடைய சொத்து? நடுவர் அவர்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

இடம் இல்லை என்ற வாதத்துக்குப் பதில் இந்தப் பந்தலிலேயே இருக்கிறது. இங்கே உட்கார்ந்திருக்கும் பலர் தறி வீட்டில் பிறந்தவர்கள். அந்த வீடுகள் எப்படி இருந்தன? குழித்தறி ஒன்று பாதி இடத்தை எடுத்துக்கொள்ளும். மிச்சமிருந்த பாதியில் சமையல், படுக்கை, பிள்ளைகளின் படிப்பு, வருகிற விருந்தாளி எல்லாம். கட்டில் கிடையாது, பாய் காலையில் சுருண்டு மூலைக்குப் போய்விடும். சுவரில் மாடம், அதில் விளக்கு. தலைக்கு மேல் பரண். மேலே கட்டிய கொடியில் துணி. தரையில் இருக்க வேண்டியது எது, சுவருக்கு ஏற வேண்டியது எது, பகலில் கண்ணில் படக்கூடாதது எது என்று அந்த அம்மாக்கள் அறிந்து வைத்திருந்தார்கள். அந்த வீட்டில் வெண்பட்டு நெய்தார்கள். அவர்கள் நெய்த பட்டின் ஒழுங்கு அந்த அறையிலும் இருந்தது. இன்றைக்கு ஸ்டூடியோ அபார்ட்மென்ட் என்று பெயர் வைத்து வாடகைக்கு விடுகிறார்களே, அதில் வாழும் வித்தையை நம் பாட்டிமார் காசில்லாமல் கற்றவர்கள்.

இப்போது ஒரு கணக்கு. பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை 120 சதுர அடி. ஆறடி நீளம், மூன்றடி அகலத்தில் ஒரு சோபா போட்டால் 18 சதுர அடி போய்விட்டது. ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு! காசு கொடுத்து இடத்தை இழந்திருக்கிறோம். அதற்குப் பதில் பவானி ஜமக்காளம் ஒன்றை விரியுங்கள். பக்கத்து மாவட்டத்துக் கைத்தறி, புவிசார் குறியீடு பெற்றது. சிவப்பும் பச்சையும் நீலமுமாக அந்தப் பட்டைகள் விழும்போதே அறைக்கு நிறம் வந்துவிடும். நாலு பேர் வந்தால் உட்காரலாம், போனதும் சுருட்டி வைக்கலாம்.

அடுத்து ஜன்னல். கடையில் திரைச்சீலை விலை கேட்டுத் திரும்பி வந்தவர்கள் இங்கே நிறைய பேர் இருப்பீர்கள். அம்மாவின் பழைய பருத்திக் கைத்தறிச் சேலை ஒன்றை எடுங்கள். ஐந்தரை மீட்டர் சேலையை நடுவில் வெட்டினால் ஒன்பதடி உயரத்தில் இரண்டு திரை. முந்தானை இருக்கும் பாதியில் முந்தானை கீழே வரட்டும். கம்பியை ஜன்னலுக்கு மேல் மாட்டாமல் கூரையை ஒட்டி மாட்டுங்கள். திரை மேலிருந்து தரைவரை விழும்போது அறையே உயரமாகத் தெரியும். மேற்குப் பார்த்த ஜன்னலா? சேலம் வெயில் தெரியும்தானே. ஜன்னல் அளவுக்குப் பின்னால் பழைய வெள்ளை வேட்டியைச் சேர்த்துத் தையுங்கள், வெள்ளை வெயிலைத் திருப்பிவிடும். கம்பிக்கு மட்டும் வீட்டுக்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், அவ்வளவுதான். அந்தச் சேலை உங்கள் அம்மா கட்டியது. எந்தக் கடையில் எவ்வளவு கொடுத்தால் அது கிடைக்கும்?

மலிவாக வாங்கினால் மலிவாகத்தான் தெரியும் என்ற வாதத்துக்கு வருகிறேன். பழ மண்டியில் மரப்பெட்டி கிடைத்தால் பாருங்கள். மாவு உதிர்ந்தால் வண்டு இருக்கிறது, வேண்டாம். நல்ல பெட்டியை 80 நம்பர் உப்புத்தாளில் ஒரு தேய், 150-ல் ஒரு தேய், மேலே வார்னிஷ். மூன்று பெட்டிகளை ஒன்றோடொன்று திருகாணி போட்டு இணைத்தால் புத்தக அலமாரி. மூன்றுக்கு மேல் அடுக்காதீர்கள், பலகை மெல்லியது. தேய்க்காமல் அப்படியே வைத்தால் அது பழப்பெட்டிதான், அண்ணன் சொன்னது சரி. தேய்த்த பெட்டியைப் பார்த்துவிட்டு அவர் பேசட்டும்.

வெளிச்சமும் அப்படித்தான். ஒரே டியூப்லைட் அறையின் நாலு மூலையையும் ஒரே மாதிரி காட்டும். 3000 கெல்வின் என்று பெட்டியில் போட்ட, இளமஞ்சள் வெளிச்சம் தரும் 9 வாட் எல்.இ.டி பல்பு ஒன்றைப் படுக்கைப் பக்கம் தாழ்வாக வைத்துப் பாருங்கள். மாலையில் அந்த மூலை தனி அறையாகிவிடும்.

அப்புறம் செடி. ஏற்காட்டு எஸ்டேட்டில் தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீடுகளைப் பார்த்திருப்பீர்கள். ஒற்றை அறை, முன்னால் கையகல வாசல். அந்த வாசலில் பழைய எண்ணெய் டின்களில் ஜெரேனியப் பூச்செடி வரிசை. தோட்டக் கூலியில் டின்னுக்குக் காசு ஒதுக்கவில்லை, ஆனால் எந்தச் செடிக்கு எந்தப் பக்கம் வெயில் என்று அவர்களுக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை மலையேறி அதே ஜெரேனியத்தைக் காசு கொடுத்து வாங்கி வருகிறோம். சித்திரை வெயிலில் சேலத்தில் அது வாடிவிடும். நம் அறைக்கு மணி பிளான்ட் போதும். கணுவுக்குக் கீழே வெட்டி, தண்ணீர் பாட்டிலில் வைத்து, வாரம் ஒருமுறை தண்ணீர் மாற்றினால் வேர் விடும்.

காசே வேண்டாம் என்று எங்கள் அணி சொல்லவில்லை. நல்ல மெத்தைக்குச் செலவு பண்ணுங்கள், மின்விசிறிக்குப் பண்ணுங்கள். பழைய ஒயரிங் இருந்தால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், அதில் மிச்சம் பிடிக்கவே கூடாது. ஆனால் அதெல்லாம் வசதிக்கும் பாதுகாப்புக்குமான செலவு. இன்றைய தலைப்பு அழகைப் பற்றியது.

வீடு மாற்றுகிற நாளில் வாசலில் குட்டியானை வண்டி வந்து நிற்கும். ஜமக்காளம், சேலைத் திரை, மூன்று பெட்டி, பல்பு, பாட்டிலில் கொடி, எல்லாம் அதில் ஏறிவிடும். அடுத்த அறையில் அன்று சாயங்காலமே விரித்துவிடலாம். அண்ணனுடைய அலமாரியைச் சுவரோடு பெயர்த்து அதில் ஏற்ற முடியுமா என்று அவரையே கேட்டுவிட்டு நடுவர் தீர்ப்புச் சொல்லட்டும். நன்றி, வணக்கம்.