எதிரே உட்கார்ந்திருப்பவர்

வணக்கம். சீட்டாட்டத்தைப் பற்றி, அதிலும் பிரிட்ஜ் என்ற ஆட்டத்தில் இளையோருக்கு நடக்கும் போட்டிகளைப் பற்றி, பேச ஒரு கல்லூரி என்னைக் கூப்பிடும் என்று நான் நினைத்ததே இல்லை. கிளம்பும்போது எங்கே போகிறீர்கள் என்று மனைவி கேட்டார். மாணவர்களுக்குச் சீட்டாட்டம் பற்றிச் சொற்பொழிவு என்றேன். "அவங்க அப்பா அம்மா யாரும் வரமாட்டாங்களே?" என்றார். வந்திருந்தால் பின்வரிசையிலேயே இருங்கள், கடைசியில் பேசிக்கொள்வோம்.

எங்கள் வீட்டில் சீட்டுக்கட்டு தீபாவளிக்கும் ஊர்த் திருவிழாவுக்கும்தான் வெளியே வரும். தாத்தா திண்ணையில் இருபத்தெட்டு ஆடுவார். தெருமுனையில் பெரிய மனிதர் யாராவது தலைகாட்டினால் மொத்தச் சீட்டும் துண்டுக்கு அடியில் போய்விடும். ஒரு பைசா வைத்து ஆடியதில்லை, இருந்தும் அந்தப் பயம். சீட்டு என்றாலே சூது என்று நமக்குள் ஊறிப்போயிருக்கிறது. இத்தனைக்கும் 1968-லேயே நம் உச்ச நீதிமன்றம் ரம்மி பெரும்பாலும் திறமையின் ஆட்டம் என்று சொல்லிவிட்டது. அந்தத் தீர்ப்பில் பிரிட்ஜும் வருகிறது. ரம்மியில் அதிர்ஷ்டம் எந்த அளவோ, பிரிட்ஜில் சீட்டு போடும்போது வரும் அதிர்ஷ்டமும் அதே மாதிரிதான் என்பது நீதிபதிகளின் கருத்து. ஆனால் தீர்ப்பை எல்லாம் திண்ணையில் யார் படிக்கிறார்கள்?

இருபத்தெட்டு ஆடியவர்கள் கை தூக்குங்கள். அட, நான் நினைத்ததைவிட அதிகம். அப்படியானால் பாதி பிரிட்ஜ் உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். நான்கு பேர், எதிரே உட்கார்ந்திருப்பவர் கூட்டாளி, முதலில் கேள்வி கேட்பது, அதாவது ஏலம் மாதிரி நம்மால் எவ்வளவு எடுக்க முடியும் என்று சொல்வது, அப்புறம் துருப்பு, பிடி சேர்ப்பது, அதாவது ஆளுக்கொரு சீட்டு போடும் சுற்றுகளை ஜெயிப்பது, எல்லாம் அதேதான். வித்தியாசம் என்னவென்றால் அங்கே 32 சீட்டு, இங்கே 52. அங்கே துருப்பை மறைத்து வைப்போம், இங்கே எல்லாம் வெளிப்படை. கேள்வி கேட்க மொத்தம் 15 சொற்கள்தான் அனுமதி: ஒன்று முதல் ஏழு வரை எண்கள், நான்கு வகைச் சீட்டின் பெயர், துருப்பில்லை, பாஸ், டபுள், ரீடபுள். இந்தப் பதினைந்தை வைத்துத்தான் கையில் இருக்கும் பதின்மூன்று சீட்டைப் பற்றிக் கூட்டாளிக்குச் சொல்லியாக வேண்டும். போட்டிகளில் அதையும் வாயால் சொல்வதில்லை. மேசையில் இருக்கும் பெட்டியிலிருந்து அட்டையை எடுத்து வைப்பார்கள்.

இந்த 'கான்ட்ராக்ட்' பிரிட்ஜுக்கு இப்போதுள்ள வடிவம் 1925-இல் வந்தது. ஹெரால்ட் வாண்டர்பில்ட் என்ற அமெரிக்கச் செல்வந்தர் பனாமா கால்வாய் வழியாகக் கப்பலில் போகும்போது, பொழுது போகாமல் நண்பர்களோடு உட்கார்ந்து மதிப்பெண் முறையை மாற்றி அமைத்தார். பணக்காரருக்குப் பொழுது போகாவிட்டால் சில சமயம் நல்லதும் நடக்கும்.

சரி, அதிர்ஷ்டத்துக்கு வருகிறேன். "நல்ல சீட்டு விழுந்தது, ஜெயிச்சான்" என்று திண்ணையில் சொல்லலாம். உலகப் போட்டியில் சொல்ல முடியாது. அங்கே ஒரே நேரத்தில் ஓர் அணியின் இரண்டு ஜோடி ஆடும், இரண்டும் தனித்தனி அறையில். முதல் அறையில் ஆடிய அதே சீட்டு, யாருக்கு எது வந்ததோ அப்படியே, இரண்டாவது அறைக்கும் போகும். ஆனால் இங்கே நம் ஜோடி வடக்கு தெற்காக உட்கார்ந்தால் அங்கே நம் இன்னொரு ஜோடி கிழக்கு மேற்கு. நல்ல சீட்டு விழுந்திருந்தால் அது இரண்டு அணிக்கும் ஒவ்வொரு முறை விழும். ஓர் உதாரணம் சொல்கிறேன். இந்த அறையில் நம்மவர்கள் நாலு ஸ்பேடு, அதாவது ஸ்பேடு துருப்பில் பத்துப் பிடி எடுப்போம் என்று, கேட்டுப் பத்துப் பிடியும் எடுத்து 420 வாங்கினார்கள். அந்த அறையில் எதிரணி அதே சீட்டில் அதையே கேட்டு ஒரு பிடி குறைந்து 50 தண்டம் கொடுத்தது. இரண்டும் சேர்த்து 470. இந்த வித்தியாசத்தைப் போட்டிப் புள்ளியாக மாற்றும் அட்டவணைப்படி அது பத்துப் புள்ளி. ஒரே ஒரு பிடியில் வந்த பத்துப் புள்ளி, அதில் சீட்டு போட்ட கைக்குப் பங்கே கிடையாது.

இளையோர் போட்டிகளைப் பற்றி நான் பேச வந்ததற்கு இது ஒரு காரணம். இன்னொரு காரணம், இந்த ஆட்டத்தின் முகம் நம் நாட்டில் நரைத்துப்போய் இருப்பது. 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் பிரிட்ஜ் ஆண்கள் ஜோடிப் பிரிவில் இந்தியாவுக்குத் தங்கம் வாங்கித் தந்த பிரணாப் பர்தனுக்கு வயது 60, ஷிப்நாத் சர்க்காருக்கு 56. நம் பிரிட்ஜ் அணியோடு போன ரீட்டா சோக்ஸிக்கு 79. எனக்கும் பெருமைதான். ஆனால் அதைப் படித்த பையன் என்ன நினைப்பான்? 'ஓய்வு பெற்றபின் பார்த்துக்கொள்ளலாம்' என்றுதானே?

ஐரோப்பாவில் கதை வேறு. அங்கே இளையோருக்கான கண்டப் போட்டி 1968-லேயே, பிராகில், தொடங்கிவிட்டது. உலக அளவில் முதல் இளையோர் அணிப் போட்டி 1987-இல் ஆம்ஸ்டர்டாமில் நடந்தது. ஜெயித்தது நெதர்லாந்து. அடுத்து 1989-இல் நாட்டிங்ஹாம், ஜெயித்தது பிரிட்டன். 1991-இல் அமெரிக்காவின் ஆன் ஆர்பர், ஜெயித்தது அமெரிக்கா. மூன்று முறையும் விருந்துக்குக் கூப்பிட்டவர்களே சாப்பிட்டுவிட்டார்கள். 1993-இல் டென்மார்க்கின் ஆர்ஹூஸில் ஜெர்மனி ஜெயித்துத்தான் அந்தப் பழக்கம் நின்றது. பிறகு பாலி, ஹாமில்டன், பாரிஸ், சிட்னி, பாங்காக் என்று போட்டி ஊர் ஊராகச் சுற்றியது. 2008-இல் பெய்ஜிங்கில் சதுரங்கம், கோ ஆகியவற்றோடு ஒரே கூரையின் கீழ் நடந்த உலக மூளை விளையாட்டுகளிலும் இளையோர் பிரிட்ஜுக்கு இடம் இருந்தது.

இதில் 'இளையோர்' என்றால் 26 வயதுக்குட்பட்டவர்கள். சதுரங்கக்காரர்கள் சிரிப்பார்கள். நம் குகேஷ் 18 வயதில் உலகச் சாம்பியன் ஆகிவிட்டார், இங்கே 25 வயதுக்காரர் இளையோர் கணக்கில் வருகிறார். அதோடு விடவில்லை, இப்போது 31 வயதுக்குட்பட்டோருக்கும் ஒரு பிரிவு வைத்திருக்கிறார்கள். கீழே 21, 16 என்றும் உண்டு, பெண்களுக்குத் தனியாகவும் உண்டு. சிரிக்கலாம்தான். ஆனால் இந்த ஆட்டத்தில் பழுக்க அத்தனை காலம் பிடிக்கிறது. கணக்குப் போடும் வேகம் பதினைந்து வயதில் வந்துவிடும், இன்னொரு மனிதரை நம்பப் பழகுவது அவ்வளவு சீக்கிரம் வராது.

முதல் சாம்பியன்களான அந்த டச்சுப் பையன்களில் என்ரி லாய்ஃப்கென்ஸ், பெரி வெஸ்ட்ரா என்று இருவர். 1987-இல் இளையோர் கோப்பை. ஆறே ஆண்டு கழித்து, 1993-இல், சிலியின் சாண்டியாகோவில் பெர்முடா கோப்பையை வென்ற நெதர்லாந்து அணியிலும் அதே இருவர். பெர்முடா கோப்பை என்பது 1950-இல் தொடங்கிய பெரியவர்களின் உலகப் பட்டம், இந்த ஆட்டத்தின் உச்சி.

இப்போது நம் ஊருக்கு வருவோம். 2015 செப்டம்பர் கடைசியில் அந்தப் பெர்முடா கோப்பை சென்னையில் நடந்தது. உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? ஒரு கை. அதுவும் பாதிதான் தூக்கியிருக்கிறீர்கள். அப்போது நானும் சென்னையில்தான் வேலையில் இருந்தேன். லீவு கிடைக்கவில்லை. ஒரே ஊரில் நடக்கும் உலகப் போட்டியை ராத்திரி உட்கார்ந்து இணையத்தில் மீண்டும் ஓட்டிப் பார்த்தேன். அந்த இணைய மேசையை உருவாக்கிய பிரெட் கிட்டல்மனும் இளையோர் போட்டியில் ஆடியவர்தான், 1991 ஆன் ஆர்பரில் இரண்டாம் இடம் பிடித்த கனடா அணியில் இருந்தவர்.

அந்த ஆண்டு பிரிட்ஜ் உலகம் கலங்கிப்போயிருந்தது. நார்வே ஆட்டக்காரர் போயே ப்ரோகெலாந் ஆகஸ்டில் சில முன்னணி ஜோடிகள்மேல் ஏமாற்றுப் புகாரை வெளிப்படையாகக் கிளப்பினார். வீடியோக்களை ஓட்டி ஓட்டிப் பார்த்தார்கள். இஸ்ரேல், ஜெர்மனி, மொனாக்கோ அணிகள் சென்னைக்கு வராமலே விலகின. போலந்து அணியில் ஒரு மூத்த ஜோடிக்குக் கொடுத்த அனுமதியைக் கடைசி நேரத்தில் திரும்பப் பெற்றார்கள். ஆறு பேர் ஆடவேண்டிய அணியில் மிஞ்சியது நான்கு பேர். மற்ற அணிகளில் இரண்டு ஜோடி ஆடும்போது ஒரு ஜோடி ஓய்வெடுக்கும். இவர்களுக்கு அந்த வசதி கிடையாது. இரண்டு வாரம், எல்லா ஆட்டத்திலும் அதே நால்வர்.

அந்த நால்வரில் ஒருவர் பியோத்ர் காவ்ரிஷ். 1984-இல் சியாட்டிலில் உலகப் பிரிட்ஜ் ஒலிம்பியாட் வென்ற போலந்து அணியில் இருந்தவர். அவருக்கு எதிரே உட்கார்ந்த கூட்டாளி மிஹாவ் க்ளுகோவ்ஸ்கி. இவர் பிறந்ததே 1996-இல்தான், அதாவது கூட்டாளி உலகப் பட்டம் வாங்கிப் பன்னிரண்டு ஆண்டு கழித்து. இளையோர் போட்டிகளில் இருந்து நேராக வந்தவர், இருபது வயது முடியவில்லை. இறுதி ஆட்டத்தில் ஸ்வீடனை வென்று கோப்பையை எடுத்தார்கள். நம் சென்னையில், ஒரு தாத்தாவும் பேரனும் என்று சொல்லத்தக்க ஜோடி.

அந்த ஆட்டங்களைப் பார்க்கும்போது என் கண் சீட்டில் நிற்கவில்லை. நான் தேடியது வேறு. அதைச் சொல்ல ஆட்டத்தில் ஒரு விஷயத்தை விளக்கியாக வேண்டும். கேள்வி முடிந்ததும் கேட்டவர் ஆடுவார். எதிராளி முதல் சீட்டை இறக்கியதும், கேட்டவருடைய கூட்டாளி தன் பதின்மூன்று சீட்டையும் மேசையில் திறந்து வைத்துவிட வேண்டும். அவருக்கு டம்மி என்று பெயர். அதற்குப் பிறகு எந்தச் சீட்டைப் போடுவது என்பதில் அவருக்குப் பேச்சே இல்லை. எதிரே கூட்டாளி தப்பான சீட்டை எடுக்கப்போகிறார், தெரிகிறது. இருமக்கூடக் கூடாது. முகம் மாறக் கூடாது. சுமார் எட்டு நிமிடம் கல் மாதிரி உட்கார வேண்டும். பதினேழு வயதுப் பையன் ஒருவனால் இதைச் செய்ய முடியுமா? என்னால் நாற்பது வயதில் முடியவில்லை.

அலுவலக மனமகிழ் மன்றத்தில் ஒருமுறை. பெயர் வேண்டாம், நல்ல மனிதர், என் கூட்டாளி. எளிதான ஆட்டம், ராணியைத் தவறான பக்கம் தேடினார், ஒரு பிடி போய்விட்டது. "எங்கே பார்த்து ஆடுறீங்க?" என்று கேட்டுவிட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. அடுத்த ஆட்டத்தில் தைரியமாகக் கேட்க வேண்டிய இடத்தில் பாஸ் சொன்னார். அதற்கடுத்ததிலும் பாஸ். என் திட்டு அவர் காதில் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு பிடிக்காகக் கத்தினேன், அதனால் ஆறு ஆட்டம் போயிற்று. திரும்பும்போது பஸ்ஸில் இருவரும் ஒரே சீட்டில் உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தோம்.

இளையோர் அணிகளுக்குப் பயிற்சி தருபவர்கள் இதைத்தான் முதலில் சொல்லித்தருகிறார்கள். அலசல் எல்லாம் ஆட்டம் முடிந்து அறைக்குப் போனபின். மேசையில் தவறு நடந்தால் அடுத்த சீட்டை எடு, அவ்வளவுதான். சதுரங்கத்தில் நம் பிள்ளை தோற்றால் தன்னைத் திட்டிக்கொள்வான். இங்கே திட்டுவதற்குக் கைக்கெட்டும் தூரத்தில் ஓர் ஆள் இருக்கிறார், அந்த ஆள் இல்லாமல் அடுத்த ஆட்டமும் ஆட முடியாது.

இன்னொன்று இருக்கிறது, எனக்கு மிகப் பிடித்தது. கூட்டாளி ஒரு கேள்விக்கு வழக்கத்தைவிட நீண்ட நேரம் யோசித்துப் பாஸ் சொன்னால், கையில் ஏதோ இருக்கிறது என்று உங்களுக்குத் தெரிந்துவிடுகிறது. அதை வைத்து நீங்கள் ஆடக்கூடாது. விதி அது. தெரிந்ததைத் தெரியாததாக வைத்து முடிவெடுக்க வேண்டும். அதனால்தான் பெரிய போட்டிகளில் மேசைக்குக் குறுக்கே, மூலைக்கு மூலை, ஒரு தடுப்பு வைக்கிறார்கள். கூட்டாளியின் முகமே தெரியாது. உங்கள் பக்கம் உட்கார்ந்திருப்பவர் எதிராளி! கேள்வி அட்டைகளைத் தட்டில் வைத்துத் தடுப்புக்கு அடியில் தள்ளுவார்கள். தட்டு தாமதமாக வந்தால் யோசித்தது அந்தப் பக்கத்து இருவரில் யார் என்று எளிதில் சொல்ல முடியாது. அப்புறம், உங்கள் கேள்விக்கு என்ன பொருள் என்று எதிராளி கேட்டால் மறைக்காமல் சொல்லியாக வேண்டும். கூட்டாளியோடு ரகசியக் குறி வைத்துக்கொள்ள அனுமதியே இல்லை. இருபத்தெட்டில் காதைச் சொறிவது, தொண்டையைக் கனைப்பது என்று என் தாத்தா வைத்திருந்த சங்கேதங்கள் எல்லாம் இங்கே நேராகத் தடையில் கொண்டுபோய் விடும். 2015-இல் பெரியவர்கள் மாட்டியதும் இந்த மாதிரி விஷயத்தில்தான்.

பிள்ளைகளுக்கு இதை எப்படித் தொடங்குவது என்று கேட்பீர்கள். கேள்வி கேட்பதை முதலில் விட்டுவிடலாம். அதற்கு மினிபிரிட்ஜ் என்று ஒரு வடிவம் இருக்கிறது. ஏஸுக்கு 4, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2, ஜாக்கிக்கு 1. கட்டு முழுவதும் சேர்த்து 40 புள்ளி. நால்வரும் தங்கள் புள்ளியைச் சொல்லிவிட வேண்டும், எந்த ஜோடியிடம் அதிகமோ அவர்கள் ஆட வேண்டியதுதான். பத்து வயதுக் குழந்தைக்கு அரை மணி நேரம் போதும். இருபத்தெட்டு தெரிந்த உங்களுக்குப் பத்து நிமிடம்.

பின்பக்கம் ஆறு மேசை போட்டிருக்கிறோம், ஒவ்வொன்றிலும் ஒரு கட்டு இருக்கிறது. நண்பனோடு போய் உட்காராதீர்கள், இன்று முதல்முறை பார்க்கும் ஒருவரை எதிரே உட்கார வையுங்கள். பர்ஸ் பைக்குள்ளேயே இருக்கட்டும். பெற்றோர் யாராவது வந்திருந்தால் வடக்கு நாற்காலி உங்களுக்கு. டீ வந்துகொண்டிருக்கிறது, சீட்டின் மேல் கொட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள், கட்டுகள் என்னுடையவை.