மூக்கோரத்துச் சந்து

வணக்கம். ஆஸ்பத்திரியில் நோய்த்தொற்றுத் தடுப்பு வேலை பார்க்கிறவள் நான். மாஸ்க் பற்றி வானொலியில் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். எனக்குப் பிடித்த பேச்சு, அதனால் நேரம் பற்றாது.

கண்ணாடி போடுகிறவர்களுக்கு நான் சொல்வது உடனே புரியும். மாஸ்க்கோடு மூச்சு விட்டால் கண்ணாடியில் ஆவி படிகிறதல்லவா? பெரும்பாலும் அது மூக்கின் இரு பக்கமும் உள்ள சந்து வழியாக வருகிற காற்று. மூச்சை இழுக்கும்போதும் காற்று அதே வழியாகத்தான் உள்ளே வரும், வடிகட்டாமல். நான் சொல்ல வந்ததே இந்தச் சந்தைப் பற்றித்தான்.

சர்ஜிக்கல் மாஸ்க் முதலில் வந்தது நோயாளிக்காக. 1897-இல் அறுவை மருத்துவர் மிக்குலிட்ச் வாயில் துணி கட்டிக்கொண்டது, தன் எச்சில் துளி நோயாளியின் காயத்தில் விழக்கூடாது என்று. அது தளர்வாக இருந்தால் பரவாயில்லை. என்95 அப்படியல்ல, போட்டிருப்பவரைக் காக்க வந்தது. அதில் உள்ள நார்களுக்கு மின்னூட்டம் கொடுத்திருப்பார்கள். நுண்துகள்கள் அதில் இழுபட்டு ஒட்டிக்கொள்ளும். வடிகட்டக் கடினமான அளவு ஏறக்குறைய 0.3 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). அதைவிடப் பெரியது நாரில் மோதும், சிறியது தாறுமாறாக அலைந்து மாட்டிக்கொள்ளும். அந்தக் கடினமான அளவிலேயே குறைந்தது 95 சதவீதத்தைப் பிடிக்க வேண்டும். சரி, துணி நன்றாகத்தான் இருக்கிறது. முகத்தோடு ஒட்டாவிட்டால் அந்த 95-க்கு என்ன அர்த்தம்?

ஒட்டுகிறதா என்று பார்க்க ஃபிட் டெஸ்ட் இருக்கிறது. தலையில் ஒரு பை மாதிரி கவிழ்ப்போம். முதலில் மாஸ்க் இல்லாமலே கசப்புத் திரவத்தைத் தெளித்து, நாக்குக்குக் கசப்பு தெரிகிறதா என்று கேட்போம். தெரிந்தால், மாஸ்க் போட்டு மறுபடி தெளிப்போம். ஆழமாக மூச்சு விடச் சொல்வோம், தலையைத் திருப்ப, நிமிர்த்த, குனிய, பேசச் சொல்வோம். நேராக நிற்கும்போது ஒன்றும் தெரியாதவர், குனிந்ததும் முகத்தைச் சுளிப்பார். அங்கே ஓட்டை! நர்ஸ் நோயாளியின் படுக்கைமேல் குனிந்துதானே வேலை செய்கிறார்? தாடி இருந்தால் இந்த டெஸ்டுக்கே வர வேண்டாம், ஒட்டாது.

எனக்குப் பிடித்த கதை ஒன்று. 1910 கடைசியில் சீனாவின் வடகிழக்கே மஞ்சூரியாவில் ஹார்பின் நகரில் பிளேக் கொள்ளைநோய். விசாரிக்கப் போனவர் பினாங்கில் பிறந்த மருத்துவர் வூ லியென்-டே, வயது முப்பத்தொன்றுதான். எலியும் தெள்ளுப்பூச்சியும்தான் காரணம் என்று எல்லாரும் நம்பிய காலம். அவர் சடலத்தை அறுத்துப் பார்த்து, இது நுரையீரலில் வருகிற வகை, மூச்சுக்காற்றில் பரவுகிறது என்றார். பஞ்சை மெல்லிய துணிக்குள் வைத்து, பல மடிப்பாக, தலையைச் சுற்றி இறுக்கிக் கட்டுகிற மாஸ்க் ஒன்றைப் பரவலாக்கினார். இறுக்கிக் கட்டுகிற மாஸ்க், கவனியுங்கள். மெஸ்னி என்ற அனுபவசாலியான பிரெஞ்சு மருத்துவர் அதை ஏற்கவில்லை. அந்தச் சின்னப்பயல் சொல்வதைக் கேட்பதா என்ற எண்ணம்! மாஸ்க் இல்லாமலே நோயாளிகளைப் பார்க்கப் போனார். சில நாளில், 1911 ஜனவரியில், அதே நோயில் இறந்தார். அதற்குப் பிறகுதான் ஊரே மாஸ்க்குக்கு மாறியது. நான் வகுப்பெடுக்கும்போதெல்லாம் இந்தக் கதையைச் சொல்வேன். கேட்டவர்களுக்கே திரும்பச் சொல்லியிருக்கிறேன் என்று பிள்ளைகள் கேலி செய்வார்கள்.

ஸ்டுடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து நேரமாயிற்று என்று கை காட்டிவிட்டார்கள், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். என்95 சர்ஜிக்கலைவிட மேலா என்று ஆய்வுகள் நடந்திருக்கின்றன. 2009-இல் வெளியான, கனடாவில் 446 நர்ஸுகளிடம் நடந்த ஆய்விலும், 2019-இல் வெளியான அமெரிக்க ஆய்விலும் ஃபுளூ வந்ததில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசமில்லை. அதனால் எதையும் போடலாமா? நான் அப்படி எடுத்துக்கொள்ள மாட்டேன். ஓய்வறையில் மாஸ்க்கைக் கழற்றிவிட்டுச் சாப்பிடுகிறோம், வீட்டில் குழந்தைக்குச் சளி. அங்கேயும் தொற்று வருவதால், மாஸ்க்கின் வித்தியாசம் கணக்கில் மறைந்துவிடலாம். காசநோய் வார்டிலும், நோயாளியின் மூச்சுக்குழாயில் குழாய் செருகும்போதும் எனக்கு என்95-தான் வேண்டும்.

அப்புறம், என்95-ஐச் சோப்புப் போட்டுத் துவைக்காதீர்கள், ஸ்பிரிட்டும் தெளிக்காதீர்கள், மின்னூட்டம் போய்விடும். ஸ்டோரில் வேறு கம்பெனி மாஸ்க் வந்தால் ஃபிட் டெஸ்ட்டை மறுபடி கேட்டு வாங்குங்கள். வணக்கம்.