கையெழுத்துப் போடுவதற்கு முன்

(கோவையில் தொழிலாளர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பீளமேட்டில் கணினி முன்னால் உட்கார்ந்திருப்பவரும் கணபதியில் லேத்தில் நிற்பவரும் சொல்கிற குறை ஒன்றுதானுங்க. "பக்கத்துப் பிரிவுல காலியிடம் இருந்துச்சு, கேட்டேன், மேலாளர் விடலை. ரெண்டே மாசத்துல எங்க பிரிவையே எடுத்துட்டாங்க."

முதலில் கசப்பானதைச் சொல்லிவிடுகிறேன். கேட்ட இடத்துக்கு மாற்றித்தான் தீர வேண்டும் என்று எந்தச் சட்டமும் நிர்வாகத்தைக் கட்டாயப்படுத்தவில்லை. "இடமாற்றம் தரவில்லை" என்பதை மட்டும் வைத்து வழக்குப் போட்டால் நிற்காது. ஆட்குறைப்பு என்று உங்களை அனுப்பிவிட்டு யாரை வைத்துக்கொண்டார்கள் என்பதுதான் வழக்கு.

2025 நவம்பர் 21 முதல் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு நடைமுறையில் இருக்கிறது. பழைய 1947 தொழில் தகராறு சட்டத்தில் இருந்த அடிப்படை விதி அதிலும் இருக்கிறது: ஒரே வகைப் பணியில் கடைசியாக வந்தவரே முதலில் போக வேண்டும். மாற்றிச் செய்தால் நிர்வாகம் காரணத்தை எழுதிவைக்க வேண்டும். வெளியே அனுப்பி ஓராண்டுக்குள் அந்த வேலைக்கு ஆள் எடுத்தால், அனுப்பப்பட்டவருக்கே முன்னுரிமை. உங்களுக்கு மறுத்த இடத்தில் வெளியாள் வந்து உட்கார்ந்தால், எழுத்தில் வாங்கிய மறுப்புதான் அன்றைக்குச் சாட்சியாக நிற்கும்.

ஆகவே வாய்மொழியாகக் கேட்காதீர்கள். மின்னஞ்சலில் கேளுங்கள், மறுத்தால் காரணம் கேளுங்கள். தேதி, காலியிட எண், உங்களுக்குப் பின் சேர்ந்தவர்களின் பெயர், பதவி எல்லாவற்றையும் வீட்டு நோட்டில் குறித்து வையுங்கள். வாடிக்கையாளர் கோப்புகளை மட்டும் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பிவிடாதீர்கள். அதையே பிடித்து ஒழுங்கு நடவடிக்கை என்பார்கள். ஆட்குறைப்பு இழப்பீடும் கைநழுவும்.

'வகை' என்ற சொல்லில்தான் சூது நடக்கும். ஆட்குறைப்புக்குச் சில மாதம் முன் பதவிப் பெயரை மாற்றி, ஓர் ஆளுக்கு ஒரு வகை என்று ஆக்கிவிடுவார்கள்; அப்புறம் உங்கள் வகையில் உங்களுக்குப் பின் வந்தவர் என்று யாருமே இருக்க மாட்டார். மூட இருக்கிற பிரிவுக்கு மூத்தவர்களைத் தள்ளிவிடுவதும் உண்டு. அதனால் பதவி மாற்றக் கடிதம் வந்தால், வேலை மாறியதா, பெயர் மட்டும் மாறியதா என்று பதில் எழுதிக் கேளுங்கள்.

"நான் டீம் லீடர், எனக்கு இதெல்லாம் பொருந்துமா?" என்பார்கள். நிர்வாகப் பணியில் இருப்பவரும், 18,000 ரூபாய்க்கு மேல் ஊதியம் வாங்கும் மேற்பார்வையாளரும் தொழிலாளி வரையறைக்குள் வரமாட்டார்கள். ஆனால் பதவிப் பெயரை அல்ல, அன்றாடம் செய்கிற வேலையைத்தான் பார்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1994-லேயே சொல்லிவிட்டது. நாள் முழுக்க நீங்களே கணினி நிரல் எழுதுகிறவர் என்றால் வாதாட இடம் இருக்கிறது.

இனி கணக்கு. மாத ஊதியம் 39,000, பணி 6 ஆண்டு 7 மாதம் என்று வைப்போம். ஒரு மாத முன்னறிவிப்பு அல்லது அதற்கான 39,000. ஆண்டுக்கு 15 நாள் ஊதியம் இழப்பீடு. ஆறு மாதத்துக்கு மேற்பட்ட பகுதி முழு ஆண்டாகும். அரை மாதம் 19,500, ஏழு ஆண்டுக்கு 1,36,500. பணிக்கொடை (கிராஜுவிட்டி), மாதத்துக்கு 26 நாள் என்று வைத்து ஆண்டுக்கு 15 நாள் ஊதியம் என்ற கணக்கில், 1,57,500. வேலை போனவர் புதுத் திறன் கற்பதற்கான மறுதிறன் நிதியிலிருந்து இன்னும் 15 நாள் ஊதியம், 45 நாளுக்குள் வங்கிக் கணக்கில் வர வேண்டும். 300 பேரோ அதற்கு மேலோ உள்ள மில், தொழிற்சாலை என்றால் ஆட்குறைப்புக்கு அரசின் முன்அனுமதியும் வேண்டும்.

இதில் பெரும்பகுதியை ஒரே கையெழுத்தில் இழக்கலாம். "ராஜினாமா கொடுத்துடுங்க, சான்றிதழ்ல கறை வராது" என்பார்கள் மனிதவளத் துறையினர். ராஜினாமா என்றால் ஆட்குறைப்பே இல்லை. இழப்பீடும் இல்லை, திரும்ப அழைக்கும் முன்னுரிமையும் இல்லை. வற்புறுத்தி வாங்கிவிட்டார்களா? அன்றைக்கே, அறையில் யார் யார் இருந்தார்கள் என்று எழுதி நிர்வாகத்துக்கும் தொழிலாளர் அலுவலருக்கும் அனுப்புங்கள். பத்து நாள் கழித்து எழுதினால் அது யோசித்துச் செய்ததாகத் தெரியும்.

முறையீட்டைத் தொழிலாளர் துறையின் சமரச அலுவலரிடம் கொடுங்கள். 45 நாளில் முடியாவிட்டால் நேராகத் தீர்ப்பாயம் போகலாம். வெளியே அனுப்பிய நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். மீண்டும் வேலை கிடைக்கும் என்று மட்டும் நம்பிப் போகாதீர்கள், பல வழக்குகள் பணமாகத்தான் முடிகின்றன.

கடைசியில் கணக்கு முடித்துத் தரும் தாளில் "இனி எனக்கு எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று ஒரு வரி இருக்கும். அதை அடித்துவிட்டு, "ஆட்சேபத்துடன் பெற்றுக்கொண்டேன்" என்று எழுதிக் கையெழுத்திடுங்கள். அப்படி எழுதிவிட்டால் காசோலையை வங்கியில் போடத் தயங்க வேண்டாமுங்க.