துளைக்காமல் துளையிடும் கலை

(பாலிமர் பொறியியல் மாணவர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம்.

என் கையில் இருக்கும் இந்த வெள்ளைப் படலம் பாலிப்ரொப்பிலீன். நீங்கள் உட்கார்ந்திருக்கும் பிளாஸ்டிக் நாற்காலியும் பாலிப்ரொப்பிலீன்தான். இதன் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுகிறேன். முத்தாக நிற்கிறது, உள்ளே இறங்கவில்லை. பக்கத்தில் ஒரு சொட்டு ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் விடுகிறேன். முன்வரிசையில் இருப்பவர்கள் எட்டிப் பாருங்கள். சொட்டு விழுந்த இடம் மட்டும் தெளிந்து, அடியில் வைத்த அச்செழுத்து தெரிகிறது. ஆல்கஹால் காய்ந்ததும் மறுபடி வெளுத்துவிடும்.

இதில் வெள்ளைச் சாயம் எதுவும் கலக்கவில்லை. படலத்தின் கனம் 25 மைக்ரான்; ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதன் கனஅளவில் ஏறக்குறைய 40 சதவீதம் வெறும் காற்று. அந்தக் காற்று, ஒரு மைக்ரானில் பத்தில் ஒரு பங்கை ஒட்டிய அளவுள்ள கோடி கோடித் துளைகளில் இருக்கிறது. துளைகள் ஒளியைச் சிதறடிப்பதால் வெண்மை. ஆல்கஹால் துளைக்குள் புகுந்து காற்றை வெளியேற்றியதும் சிதறல் அடங்கிவிடுகிறது. பாலிப்ரொப்பிலீனுக்குத் தண்ணீர் ஒட்டாது என்பதால் தண்ணீர் வாசலிலேயே நின்றுவிடுகிறது.

உங்கள் கைப்பேசியின் லித்தியம் அயனி மின்கலத்திலும் இப்படி ஒரு படலம், செப்பரேட்டர் என்ற பெயரில், நேர்முனைக்கும் எதிர்முனைக்கும் நடுவே இருக்கிறது. துளைகளில் நிறைந்த மின்பகுளி வழியாக லித்தியம் அயனிகள் போய்வரலாம். இரு முனைகளும் நேரடியாகத் தொட்டுக்கொள்ளக் கூடாது, தொட்டால் தீ. இந்தப் படலம் ஒரு துளி மின்சாரத்தையும் சேமிப்பதில்லை. ஆனால் இது கிழிந்தால் மற்ற எல்லாம் வீண்.

இன்று நான் பேச வந்தது அந்தத் துளைகளைப் பற்றி. ஊசி, லேசர், நுரைக்கும் ரசாயனம் எதையும் பயன்படுத்தாமல் அவை உண்டாயின. எவ்வளவு சூடு, எவ்வளவு வேகம், எதற்குப் பின் எது என்ற ஒழுங்கில்தான் முழுக் கண்டுபிடிப்பும் அடங்கியிருக்கிறது. புதுப் பொருளைத் தேடுவதில் நம் மாணவர்களுக்கு இருக்கும் ஆர்வத்தில் பாதியாவது பழைய பொருளை நடத்தும் முறையில் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

1960களில் அமெரிக்காவின் செலனீஸ் நிறுவனத்தில் இதைக் கண்டார்கள். பாலிப்ரொப்பிலீனை உருக்கி, டை எனப்படும் அச்சின் இடுக்கு வழியாக வெளியேற்றி, அது உறைவதற்குள் மிக வேகமாக உருளையில் இழுத்துச் சுற்றினார்கள். உருகிய நிலையிலேயே பலமாக இழுபடுவதால் மூலக்கூறுகளில் சில நீளவாக்கில் வரிசை கட்டுகின்றன. அந்த வரிசைகளைப் பிடித்துக்கொண்டு, இழுத்த திசைக்குக் குறுக்காக, தட்டுத் தட்டாகப் படிகங்கள் வளர்கின்றன. பிறகு உருகுநிலைக்குக் கொஞ்சம் கீழே வைத்துப் பதப்படுத்தினால், அதாவது அனீலிங் செய்தால், தட்டுகள் தடித்து ஒழுங்காகின்றன.

இப்படிச் செய்த படலம் விசித்திரமாக நடந்துகொள்கிறது. சாதாரண பிளாஸ்டிக் பையை இழுத்துப் பாருங்கள்: அகலம் குறுகும், கனம் மெலியும், விட்டால் திரும்ப வராது. இதை இழுத்தால் நீளம் கூடுகிறது, அகலமோ கனமோ அவ்வளவாகக் குறைவதில்லை. விட்டால் பெருமளவு பழைய நீளத்துக்கே வருகிறது. நீளம் கூடி மற்ற இரண்டும் அப்படியே இருந்தால் கனஅளவு கூடியிருக்கிறது என்று பொருள். பொருள் அதே எடைதான். அப்படியானால் கூடுதல் இடத்தில் இருப்பது என்ன? வெற்றிடம். ஆர்மோனியத்தின் துருத்தி விரிவதுபோலப் படிகத் தட்டுகள் விலகி, நடுவில் இடைவெளி திறக்கிறது. இந்தக் கணக்கைச் சரியாகப் படித்தவர்களுக்குத்தான் கண்டுபிடிப்பு கிடைத்தது.

குளிர்ந்த நிலையில் முதலில் இழுத்தால் தட்டுகளுக்கு இடையே நுண்விரிசல்கள் விழுகின்றன. அடுத்துச் சூட்டில் இழுத்தால் விரிசல்கள் அகன்று துளைகளாகின்றன. கடைசியில் இழுவிசையோடு சூடாக்கி நிலைநிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் படலம் சுருங்கித் துளைகள் மூடிக்கொள்ளும். நேரே சூட்டில் இழுத்தால் பொருள் விரிசல் விடாமல் வழிந்துகொடுத்துவிடும். குளிரிலேயே முழுக்க இழுத்தால் அறுந்துவிடும். செலனீஸின் முதல் காப்புரிமை 1969இலும், குளிரில் இழுத்த பின் சூட்டில் இழுக்கும் முறைக்கானவை 1970களின் முற்பகுதியிலும் வெளியாயின. படலத்துக்கு செல்கார்டு என்று பெயரிட்டார்கள். இந்தப் படலம் தேவைப்பட்ட லித்தியம் அயனி மின்கலத்தை சோனி சந்தைக்குக் கொண்டுவந்ததோ பின்னால், 1991இல்தான். இரத்தத்துக்கு உயிர்வளி ஏற்றும் மருத்துவக் கருவிகளிலும் இதே குடும்பத்தைச் சேர்ந்த துளையிழைகள் வேலை செய்தன.

அதே 1969இல் பாப் கோர் என்பவர் டெஃப்லான் கம்பிகளைச் சூடாக்கி இழுத்துக்கொண்டிருந்தார். மெல்ல இழுத்தால் அறுந்துகொண்டே இருந்தது. ஒரு தடவை வெடுக்கென்று இழுத்தார். அறுபடாமல் பத்து மடங்குக்கு நீண்டது, உள்ளே நுண்துளைகளோடு. மழைச் சட்டைக்கான கோர்டெக்ஸ் அப்படித்தான் பிறந்தது. மெல்ல இழுத்தால்தான் தாங்கும் என்ற பொதுப்புத்தியை அந்த ஒரு இழுப்பு தோற்கடித்தது.

அந்தக் கதையில் நியூசிலாந்துக்காரர் ஒருவரும் உண்டு. ஜான் கிராப்பர் 1966இலேயே டெஃப்லான் நாடாவை இழுக்கும் இயந்திரம் செய்திருந்தார். அதை ஓர் அமெரிக்க நிறுவனத்துக்கு ரகசிய ஒப்பந்தத்தோடு விற்றார். அப்படியானால் கோரின் காப்புரிமை செல்லுமா என்ற வழக்கு மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போய், 1983இல் தீர்ப்பு வந்தது. முறையை மறைத்து வைத்துப் பொருளை மட்டும் விற்றவரைவிட, அதை எழுதி வெளியிட்டு உலகுக்குத் தெரிவித்தவரின் காப்புரிமையே நிற்கும் என்றது நீதிமன்றம். கிராப்பருக்காக எனக்கு மனம் வருந்துகிறது. ஆனாலும் தீர்ப்பு சரி என்றே கருதுகிறேன். செயல்முறைக் கண்டுபிடிப்பு எதுவும் முடிந்த பொருளைப் பார்த்தால் தெரியாது. யாராவது எழுதிவைக்காவிட்டால் அது அவரோடு போய்விடும்.

இனி அடுக்குகளுக்கு வருவோம். பாலிஎத்திலீன் ஏறக்குறைய 130 முதல் 135 டிகிரி செல்சியஸில் உருகும். பாலிப்ரொப்பிலீனுக்கு 165 ஆகும். இந்த 30 டிகிரி வித்தியாசத்தைப் பாதுகாப்பாக மாற்றியதுதான் மூவடுக்குச் செப்பரேட்டர். வெளியே இரண்டு பக்கமும் பாலிப்ரொப்பிலீன், நடுவில் பாலிஎத்திலீன். மின்கலம் சூடேறி 130ஐத் தாண்டும்போது நடு அடுக்கு உருகித் தன் துளைகளைத் தானே அடைத்துக்கொள்கிறது. அயனிப் போக்குவரத்து நிற்கிறது. வெளி அடுக்குகள் இன்னும் திடமாக நின்று இரு முனைகளையும் பிரித்து வைக்கின்றன.

செய்முறை எளிதல்ல. மூன்று படலங்களையும் தனித்தனியே உருவாக்கிச் சூடான உருளைகளுக்கு நடுவே ஒட்டலாம், அல்லது ஒரே டையில் மூன்றையும் சேர்த்தே வெளியேற்றலாம். எப்படியானாலும் மூன்றும் ஒன்றாக இழுபட வேண்டும். பாலிப்ரொப்பிலீனுக்கு இன்னும் சூடு வேண்டும். பாலிஎத்திலீனோ அதற்குள் உருகித் துளைகளை மூடிவிடும். ஆபத்து வேளையில் உயிர் காக்கும் அதே குணம் உற்பத்தியில் எதிரியாகிறது. அனுமதிக்கப்பட்ட வெப்பநிலை இடைவெளி மிகக் குறுகியது. அடுப்பின் ஒரு ஓரத்தில் சூடு கொஞ்சம் கூடினாலும் அந்தப் பக்கத்துப் படலம் காற்றை விடாது. அதனால்தான் ஒவ்வொரு ரோலிலும் அகலம் நெடுக மாதிரி வெட்டி, குறிப்பிட்ட அளவு காற்று கடந்துபோக எத்தனை நொடி ஆகிறது என்று அளக்கிறார்கள்.

இதுவரை சொன்னது கரைப்பான் சேராத உலர்முறை. ஜப்பானியர் வளர்த்த ஈரமுறை வேறு வழி. மிக நீண்ட மூலக்கூறு கொண்ட பாலிஎத்திலீனைப் பாரஃபின் எண்ணெயோடு சூட்டில் கரைத்துத் தாளாக வார்க்கிறார்கள். குளிரும்போது எண்ணெயும் பிளாஸ்டிக்கும் பிரிகின்றன. இரு திசையிலும் இழுத்து, எண்ணெயைக் கரைப்பானால் கழுவி எடுத்தால் அது இருந்த இடமெல்லாம் துளை. நான் காட்டிய உலர்முறைப் படலத்தை நீளவாக்கில் நகத்தால் கீறிக் கிழித்துவிடலாம். ஈரமுறைப் படலம் எந்தப் பக்கமும் எளிதில் கிழியாது, இன்னும் மெல்லியதாகவும் செய்யலாம். அதற்குக் கொடுக்கும் விலைதான் கழுவும் கரைப்பான். டைக்ளோரோமீத்தேன் போன்ற நச்சுப் பொருளை ஆவியாக விடாமல் பிடித்து மீண்டும் பயன்படுத்தும் ஏற்பாடு இல்லாமல் இந்த ஆலையை நடத்தவே கூடாது. 

மூவடுக்கும் முழுக் காப்பு அல்ல. உள்ளே சூடு மிக வேகமாக ஏறினால் 130க்கும் 165க்கும் நடுவே கிடைக்கும் அவகாசம் நொடிகள்தான். அதோடு, இழுத்துச் செய்த எந்தப் படலமும் சூட்டில் சுருங்கப் பார்க்கும். ஓரம் சுருங்கினாலே முனைகள் தொட்டுக்கொள்ளும். இதற்காகத்தான் அலுமினா போன்ற பீங்கான் துகள்களைச் சில மைக்ரான் கனத்துக்குப் பூசுகிறார்கள். 

ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்தில் மின்சார ஸ்கூட்டர்கள் தயாராகின்றன. ஆனால் அவற்றின் மின்கலத்துக்கு வேண்டிய செப்பரேட்டரில், உலக அளவில் பெரும்பகுதி சீனாவில் உருவாகிறது; ஜப்பானும் கொரியாவும் அடுத்து வருகின்றன. இந்த நிலை எனக்கு உறுத்துகிறது. இதற்கான பாலிமர் நமக்குப் புதியதல்ல, அந்த முதல் காப்புரிமைகள் காலாவதியாகிப் பல பத்தாண்டுகள் ஆகின்றன. யாரும் இலவசமாகப் படிக்கலாம்.

எனவே உங்கள் ஆய்வகத்திலேயே தொடங்குங்கள். பிளாஸ்டிக்கை உருக்கி வெளியேற்றும் சிறிய எக்ஸ்ட்ரூடர் ஒன்று போதும். உருகும் குறியீடு குறைந்த, அதாவது உருகிய நிலையில் மெல்ல ஓடும், ஹோமோபாலிமர் (வேறு அலகு கலக்காத) பாலிப்ரொப்பிலீனை எடுங்கள். உருளையின் வேகத்தைப் படிப்படியாகக் கூட்டி, ஒவ்வொரு வேகத்திலும் ஒரு மாதிரி எடுத்து அனீலிங் செய்யுங்கள். பிறகு ஒவ்வொன்றையும் ஒன்றரை மடங்கு நீளத்துக்கு இழுத்துவிட்டு, எவ்வளவு திரும்ப வருகிறது என்று அளந்து வரைபடம் போடுங்கள். அந்த மீட்சி நன்றாகக் கிடைக்கும்வரை துளையிடும் கட்டத்துக்குப் போகாதீர்கள். அதற்கு முன்பாக எவ்வளவு இழுத்தாலும் துளை திறக்காது.

நன்றி. கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.