பெருக்க மரத்தின் பழமும் அதன் விலையும்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

பெருக்க மரம், அதாவது பாவோபாப், என்றதும் நம்மில் பலருக்கு இலங்கையின் மன்னார் பள்ளிமுனையில் நிற்கும் பருத்த மரம்தான் நினைவுக்கு வரும். அரபு வணிகர்கள் கொண்டுவந்தது என்பார்கள். நான் இன்று பேச வந்தது அதன் தாய்மண்ணான ஆப்பிரிக்காவைப் பற்றி.

இதன் பழம் கிளையிலேயே காய்ந்துவிடும். ஓட்டை உடைத்தால் விதைகளைச் சுற்றி வெண்ணிறச் சதை. இடித்துச் சலித்தால் புளிப்பு மாவு. செனகலில் அதைக் கரைத்துக் குடிக்கிறார்கள். மொம்பாசாவில் விதைகளைச் சர்க்கரைப் பாகில் புரட்டி, சிவப்பு நிறமேற்றி, 'மபுயு' என்று விற்கிறார்கள். பழத்தைவிட இலையே பயனில் பெரிது என்பேன் நான். வடக்கு நைஜீரியாவின் ஹவுசா வீடுகளில் உலர்ந்த இலைப்பொடியில்தான் 'மியான் கூக்கா' குழம்பு கொதிக்கிறது. வேறு கீரை கிடைக்காத கோடையிலும் அந்தப் பொடி இருக்கும். பட்டையை உரித்துக் கயிறு திரிக்கலாம், பாய் பின்னலாம். உரித்த இடத்தில் பட்டை மறுபடி வளரும்.

சூடானின் கொர்டோஃபானில் அடிமரத்தைக் குடைந்து மழைநீரை நிரப்பி வைத்தார்கள். ஊரின் கோடைத் தண்ணீர் மரத்துக்குள் இருந்தது! 14ஆம் நூற்றாண்டில் மாலி நோக்கிப் பயணம் செய்த இப்னு பதூதா, மரப்பொந்துக்குள் தறி போட்டு நெய்துகொண்டிருந்தவரைக் கண்டதாக எழுதுகிறார். செனகலின் செரேர் மக்கள், வம்ச வரலாறு பாடும் கிரியோக்களைப் பொந்துகளுக்குள் அடக்கம் செய்தார்கள். அந்த நாட்டின் அரசுச் சின்னத்திலும் இந்த மரம் உண்டு.

இனி வணிகத்துக்கு வருகிறேன். 2008இல் ஐரோப்பிய ஒன்றியம் பழமாவை உணவாக அனுமதித்தது. அடுத்த ஆண்டு அமெரிக்காவும் வழிவிட்டது. வைட்டமின் சி நிறைந்த சத்துமாவாக அது கடைகளுக்குப் போனது. பழம் பொறுக்குபவர்கள் பெரும்பாலும் ஊர்ப்பெண்கள். அவர்கள் கைக்கு வரும் காசுக்கும் அங்கே சிறு பொட்டலத்தில் ஒட்டியிருக்கும் விலைக்கும் உள்ள தூரம் என்னை உறுத்துகிறது.

அதைவிடக் கொடியது மரத்தையே விற்பது. கென்யாவின் கிலிஃபியில், மிஜிகெண்டா மக்கள் புனிதமாகக் கருதும் மரங்களைப் பெயர்த்து ஜார்ஜியா நாட்டுக்கு அனுப்ப முனைந்தார்கள். எதிர்ப்பு எழுந்தது; 2022 நவம்பரில் அதிபர் ரூட்டோ விசாரணைக்கு உத்தரவிட்டார். மரத்தை விற்ற ஊர்க்காரர்களை நான் குறை சொல்லமாட்டேன். பழத்துக்கு நியாயமான விலை கிடைத்திருந்தால் மரத்தை விற்கும் நிலை அவர்களுக்கு வந்திருக்குமா?

2018இல் வந்த ஆய்வு ஒன்று, மிகப் பழமையான 13 மரங்களில் 9 மரங்கள், சுமார் 12 ஆண்டுகளில் முழுதாகவோ பகுதியாகவோ பட்டுப்போனதைச் சொன்னது. பருவநிலை மாற்றம் காரணமாகலாம் என்று ஆய்வாளர்கள் ஐயுறுகிறார்கள். புதுக்கன்றுகளையோ ஆடும் மாடும் மேய்ந்துவிடுகின்றன. தப்பிய கன்று காய்க்கப் பல ஆண்டுகள் ஆகும். அதுவரை வேலி கட்டிக் காப்பவருக்கும் கூலி வேண்டும். அந்தக் கூலியைப் பழமாவின் விலையிலேயே சேர்க்க வேண்டும். வாங்கும் நிறுவனங்களிடம் அதை நாம் கேட்க வேண்டும்.

நன்றி, வணக்கம்.