ஆன்டிபாடி எதைப் பார்க்கிறது?

அவையோர் அனைவருக்கும் வணக்கம். முன்வரிசையில் ஆராய்ச்சி மாணவர்கள் நிறையப் பேர் உட்கார்ந்திருக்கிறீர்கள். இன்று பேசப்போவது முக்கியமாக உங்களுக்காகத்தான்.

1991-இல் அமெரிக்காவின் சான் டியேகோ நகரில் ராபர்ட் டெர்ரி என்ற நோய்க்கூறியல் அறிஞரும் அவருடைய குழுவினரும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அல்சைமர் நோயால் பாதிக்கப்பட்ட 15 பேரின் மூளைகளையும், அந்த நோய் இல்லாத 9 பேரின் மூளைகளையும் ஒப்பிட்டார்கள். அவர்கள் உயிரோடு இருந்தபோதே அறிவாற்றல் சோதனைகள் நடத்தி மதிப்பெண்களைக் குறித்து வைத்திருந்தார்கள். அல்சைமர் என்றாலே மூளையில் படியும் அமிலாய்டு திட்டுகளும், நரம்பணுவுக்குள் முறுக்கிக்கொள்ளும் இழைகளும்தான் நம் நினைவுக்கு வரும். அவற்றை எண்ணிப் பார்த்தபோது மதிப்பெண்களோடு பெரிதாகப் பொருந்தவில்லை. பொருந்தியது மூளைப் புறணியில் மிஞ்சியிருந்த சினாப்ஸ்களின், அதாவது ஒரு நரம்பணு இன்னொன்றுக்குச் செய்தி கடத்தும் சந்திப்புகளின், அடர்த்தி. சினாப்ஸ் குறையக் குறைய மனிதரின் அறிவாற்றலும் குறைந்திருந்தது. இந்த நோயைப் பற்றிய சிந்தனையையே திருப்பிவிட்ட ஆய்வு அது.

அந்த அடர்த்தியை எதைக் கொண்டு அளந்தார்கள்? சினாப்டோஃபிசின் என்ற புரதத்தைப் பிடிக்கும் ஆன்டிபாடியைக் கொண்டு. ஆன்டிபாடி என்பது குறிப்பிட்ட ஒரு பொருளில் போய் ஒட்டிக்கொள்ளும் நோயெதிர்ப்புப் புரதம். அந்த ஆன்டிபாடி வேறு எதையாவது பிடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள்.

நல்லவேளையாக, சினாப்டோஃபிசின் மிகவும் நன்றாக ஆராயப்பட்ட புரதம். 1985-இல் அடையாளம் காணப்பட்டது. நரம்பு முனையில் வேதித்தூதுப் பொருளைச் சுமக்கும் நுண்பைகளின் சவ்வில் இருப்பது. ஒரு நுண்பையின் விட்டம் சுமார் 40 நானோமீட்டர். இரண்டு நரம்பணுக்களுக்கு நடுவில் உள்ள இடைவெளி சுமார் 20 நானோமீட்டர். சாதாரண ஒளி நுண்ணோக்கியோ 200 நானோமீட்டருக்குக் குறைந்த இடைவெளியைப் பிரித்துக் காட்டாது. ஆகவே நாம் சினாப்ஸைப் பார்ப்பதில்லை. அங்கே இருக்கும் ஒரு புரதத்தில் ஆன்டிபாடியை ஒட்டவைத்து, அதில் ஒளிரும் சாயத்தைச் சேர்த்து, ஒளிப்புள்ளியைப் பார்க்கிறோம். செய்தி அனுப்பும் முன்பக்கத்துக்கு சினாப்சின் அல்லது பசூன் என்ற புரதம், அதைப் பெறும் பின்பக்கத்துக்கு பிஎஸ்டி-95 என்ற புரதம், இரண்டு புள்ளிகளும் ஒட்டி விழுந்தால் அது கிளர்ச்சியூட்டும் சினாப்ஸ் என்று எண்ணுகிறோம். அடக்கும் சினாப்ஸ் என்றால் பின்பக்கத்துக்கு கெஃபிரின். உங்களில் பலர் தினமும் செய்யும் வேலை இது.

இங்கேதான் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஆன்டிபாடி புரதத்தை முழுசாகப் பார்ப்பதே இல்லை. அதன் மேற்பரப்பில் ஒரு சிறு துண்டை, சில அமினோ அமிலங்கள் சேர்ந்து அமைக்கும் வடிவத்தைத்தான் அது அறியும். அதே வடிவம் வேறொரு புரதத்தில் இருந்தால் அங்கேயும் போய் ஒட்டும். நாம் தேடும் புரதத்திலேயே அந்தத் துண்டு மூடிக் கிடந்தால் ஒட்டாது.

பிஎஸ்டி-95-ஐ எடுத்துக்கொள்வோம். அதற்கு பிஎஸ்டி-93, எஸ்ஏபி-97, எஸ்ஏபி-102 என்று நெருங்கிய உறவுகள் உண்டு. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் உள்ள நியூரோமேப் நிலையம் உருவாக்கிய கே28/43 என்ற கிளோன், அதாவது ஒரே செல்லின் வழிவந்த ஆன்டிபாடி, பிஎஸ்டி-95-ஐ மட்டும் பிடிக்கும். அதன் கூடப்பிறந்த கே28/86 குடும்பம் முழுவதையும் பிடிக்கும். குழாயின் மேல் ஒட்டிய சீட்டில் சாய்கோட்டுக்குப் பின்னால் உள்ள எண் மட்டுமே வித்தியாசம். ஆய்வுக் கட்டுரையில் “பிஎஸ்டி-95 ஆன்டிபாடி பயன்படுத்தினோம்” என்று எழுதி நிறுத்திவிட்டால், படிப்பவருக்கு எது என்று எப்படித் தெரியும்?

இதைவிடப் பெரிய பாடம் கெஃபிரின் கதையில் இருக்கிறது. 1980-களின் முற்பாதியில் ஜெர்மனியில் ஹைன்ரிஹ் பெட்ஸின் ஆய்வகத்தில், அடக்கும் வேதித்தூதுப் பொருளான கிளைசினைப் பெற்றுக்கொள்ளும் கிளைசின் ஏற்பியை எலியின் தண்டுவடத்திலிருந்து பிரித்தெடுத்தார்கள். அதோடு 93 கிலோடால்டன் எடையுள்ள இன்னொரு புரதமும் சேர்ந்தே வந்தது. பின்னாளில் கெஃபிரின் என்று பெயர் பெற்றது அதுதான். அந்தத் தயாரிப்பைச் சுண்டெலிக்குச் செலுத்திப் பெற்ற ஆன்டிபாடிகளில் ஒன்று எம்ஏபி7ஏ. படங்களில் அது அவ்வளவு சுத்தமாக, பளிச்சென்று புள்ளி புள்ளியாக விழும். அடக்கும் சினாப்ஸ் எத்தனை என்று எண்ண உலகெங்கும் ஆய்வகங்கள் அதைக் கையில் எடுத்தன. கால் நூற்றாண்டுக்கு மேல் ஓடிய பிறகு, 2012-இல் ஒரு ஜெர்மன் குழு காட்டியது: எம்ஏபி7ஏ பிடிப்பது எல்லா கெஃபிரினையும் இல்லை. 270-ஆம் இடத்தில் உள்ள செரின் என்ற அமினோ அமிலத்தில் பாஸ்பேட் ஏறிய கெஃபிரினைத்தான்.

இதன் விளைவு என்ன என்று பாருங்கள். ஒரு மருந்தைக் கொடுக்கிறோம், எம்ஏபி7ஏ புள்ளிகள் பாதியாகின்றன. அடக்கும் சினாப்ஸ்கள் அழிந்துவிட்டன என்று எழுதலாமா? சினாப்ஸ் அப்படியே இருந்து பாஸ்பேட் மட்டும் கழன்றிருக்கலாமே! இந்த ஆன்டிபாடி கெட்டது என்று நான் சொல்லவில்லை. அருமையான ஆன்டிபாடி அது. பாஸ்பேட் ஏற்றத்தை நேரடியாகக் காட்டும் கருவியாக இன்று அதன் மதிப்பு கூடித்தான் இருக்கிறது. ஆனால் அது எந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறது என்பது நாம் நினைத்ததிலிருந்து வேறாக இருந்தது.

புள்ளி விழாமல் போவதிலும் இதே சிக்கல் உண்டு. பின்பக்க சினாப்ஸில் புரதங்கள் நெருக்கியடித்துக் கிடக்கின்றன. ஃபார்மால்டிஹைடில் ஊறவைத்தால் அவை ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். ஆன்டிபாடியே 10 நானோமீட்டருக்குக் குறையாத பெரிய மூலக்கூறு, உள்ளே நுழைய வழியில்லை. மூளைச் சீவலைக் கொஞ்ச நேரம் பெப்சின் நொதியில் வைத்து அந்தப் பின்னலைத் தளர்த்தினால், அதுவரை காணாத பிஎஸ்டி-95 புள்ளிகள் வெளியே வரும். புரதங்களைப் பிரித்து ஒரு சவ்வுத்தாளில் ஒற்றியெடுத்துப் பார்க்கும் வெஸ்டர்ன் பிளாட்டில் நன்றாக வேலை செய்த ஆன்டிபாடி சீவலில் தோற்பதும், அதற்கு நேர்மாறாக நடப்பதும் இதனால்தான். ஒன்றில் புரதம் விரிந்து நீண்டு கிடக்கிறது, மற்றதில் மடிந்து மறைந்து கிடக்கிறது.

சரி, எப்படிச் சோதிப்பது? பழைய வழக்கம் ஒன்று உண்டு. எந்தப் பெப்டைடைக் (சிறு புரதத் துண்டைக்) கொண்டு ஆன்டிபாடியை உண்டாக்கினார்களோ, அதையே ஆன்டிபாடியோடு கலந்து, படம் மறைகிறதா என்று பார்ப்பது. இது ஆன்டிபாடி அந்தப் பெப்டைடில் ஒட்டும் என்பதைத்தான் காட்டும். மூளையில் வேறெதிலும் ஒட்டவில்லை என்பதைக் காட்டாது. உறுதியான சோதனை, அந்தப் புரதத்தின் மரபணுவே நீக்கப்பட்ட நாக்-அவுட் எலி. 2000-களில் ஆல்ஃபா7 நிகோட்டினிக் ஏற்பி என்ற புரதத்துக்கு விற்கப்பட்ட ஆன்டிபாடிகளை அந்த ஏற்பியே இல்லாத எலிகளின் மூளையில் போட்டுப் பார்த்தார்கள். இயல்பான எலியில் வந்த அதே படம் இங்கேயும் வந்தது! 2005-இல் ஜர்னல் ஆஃப் கம்பேரட்டிவ் நியூராலஜி இதழின் ஆசிரியர் கிளிஃபர்ட் சேப்பர் வாசகர்களுக்கு ஒரு திறந்த கடிதம் எழுதினார். தங்கள் ஆன்டிபாடி நாக்-அவுட் எலியிலும் ஒட்டுகிறது என்று பின்னால் தெரிந்து, கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டிய நிலைக்கு வந்த ஆய்வாளர்களைப் பற்றி அதில் குறிப்பிட்டிருந்தார். அந்தக் கட்டுரைகளுக்குப் பின்னால் எத்தனை மாணவர்களின் இளமைக் காலம் இருந்திருக்கும்! எனக்கு அதுதான் உறுத்துகிறது.

இப்போது நிலைமை மாறி வருகிறது. மாண்ட்ரியாலில் மெக்கில் பல்கலைக்கழகத்தோடு இணைந்து இயங்கும் ஒய்காரோஸ் என்ற குழு, நரம்பியலுக்கு வேண்டிய 65 புரதங்களுக்காக விற்பனையில் உள்ள 614 ஆன்டிபாடிகளை எடுத்துக்கொண்டது. இயல்பான செல், மரபணு நீக்கிய செல் இரண்டிலும் ஒரே முறையில் சோதித்து 2023-இல் முடிவை வெளியிட்டது. தான் பிடிக்க வேண்டிய புரதத்தையே பிடிக்காத ஆன்டிபாடியைக் கொண்டு, ஒரு புரதத்துக்குச் சராசரியாக 12 கட்டுரைகள் வந்திருக்கின்றன. ஆறுதலான செய்தியும் உண்டு. பெரும்பாலான புரதங்களுக்கு நல்ல ஆன்டிபாடி ஒன்றாவது ஏற்கெனவே சந்தையில் இருந்தது. தோற்றவற்றில் சுமார் 20 விழுக்காட்டை நிறுவனங்களே விற்பனையிலிருந்து எடுத்துவிட்டன. மரபணுத் தொடர் தெரிந்து தயாரிக்கப்படும் ரீகாம்பினன்ட் ஆன்டிபாடிகள் மற்றவற்றைவிடச் சிறப்பாக வேலை செய்தன.

எந்தத் துண்டைப் பார்க்கிறது என்று துல்லியமாகத் தெரிந்தால், அதுவே பலமாக மாறும் என்பதையும் சொல்ல வேண்டும். 2010-இல் ஹார்வர்டில் ஷியாவ்வெய் ஷுவாங் குழுவினர் ஸ்டார்ம் என்ற மீநுண்ணோக்கி முறையில் சினாப்ஸைப் படமெடுத்தார்கள். பசூன் மிக நீளமான புரதம். அதன் ஒரு முனைக்கு ஓர் ஆன்டிபாடி, மறுமுனைக்கு வேறோர் ஆன்டிபாடி போட்டார்கள். இரண்டும் வெவ்வேறு தூரத்தில் தெரிந்தன. சி-முனை சினாப்ஸ் இடைவெளிக்கு அருகில், என்-முனை உள்ளே தள்ளி. ஒரு புரதம் நரம்பு முனைக்குள் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்பதை ஆன்டிபாடியே சொல்லிவிட்டது!

ஆய்வகத்துக்குத் திரும்பிப் போனதும் உங்கள் ஃபிரீசரைத் திறந்து பாருங்கள். ஒவ்வொரு குழாய்க்கும் கிளோன் பெயர், தயாரிப்புத் தொகுதியைக் குறிக்கும் லாட் எண், ஆய்வுப் பொருள்களுக்குப் பொதுவாக வழங்கப்படும் ஆர்ஆர்ஐடி அடையாள எண், அது பிடிக்கும் துண்டு, அது சோதிக்கப்பட்ட முறை எல்லாம் குறிப்பேட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். நியூரோமேப் ஆன்டிபாடிகள் பலவற்றின் மரபணுத் தொடர்கள் பொதுவில் கிடைக்கின்றன. அந்தத் தொடரைச் சுமக்கும் டிஎன்ஏ வளையமான பிளாஸ்மிடை ஆட்ஜீன் சேமிப்பகத்திலிருந்து வரவழைத்து, செல் வளர்க்கும் வசதி உள்ள எந்த ஆய்வகமும் சொந்தமாகவே தயாரித்துக்கொள்ளலாம். அதற்கான செய்முறையை அறிய விரும்புகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் இருங்கள், உட்கார்ந்து பேசுவோம். வணக்கம்.